பேப்பர் லொக்கில் 9 வருசம், ஈ.எல்.டி.யில் 8 வருசம்: ஒரு ட்ரக் ஓட்டுநரின் கணக்கு

முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பனியின் ஈ.எல்.டி. (ட்ரக் ஓட்டுநரின் வேலை நேரத்தைத் தானாகப் பதிகிற மெஷின்) நல்லது, எதற்கு மாதக் கட்டணம் குறைவு என்று பார்க்க வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. நான் 2008 கோடையில் ஒன்ராறியோவில் பெரிய ட்ரக் ஓட்டுவதற்கான ஏ-இசட் லைசென்ஸ் எடுத்தவன். அன்றிலிருந்து 2017 டிசம்பர் வரை பேப்பர் லொக் புக், அதாவது கையால் எழுதுகிற நேரக் கணக்குப் புத்தகம், அதற்குப் பிறகு இன்றுவரை ஈ.எல்.டி. இடையில் இரண்டு கம்பனி, மூன்று விதமான மெஷின். ஓட்டம் பெரும்பாலும் மில்டன், பிரம்ரன் பக்கத்து வெயர்ஹவுஸ்களில் இருந்து அமெரிக்காவுக்கு: நியூ ஜேர்சி, ஒஹாயோ, ஜோர்ஜியா. நான் சம்பளத்துக்கு ஓடுகிறவன், ட்ரக் சொந்தமில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொந்த ட்ரக் வைத்திருப்பவரும் கம்பனிக்கு ஓடுகிறவனும் இந்த விசயத்தை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம். ட்ரக் ஓடுகிறவன் தன்னுடைய 24 மணித்தியாலத்துக்கும் கணக்கு வைக்கவேண்டும். அமெரிக்காவில் 10 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வெடுத்தபின் 11 மணித்தியாலம் ஓட்டலாம். ஆனால் அந்த 11-ஐயும் வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும். சாப்பிட்டாலும் சரி, வெயர்ஹவுஸ் வாசலில் சும்மா நின்றாலும் சரி, அந்த 14 ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு நாளில் 70 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு ஓட்டக்கூடாது. கனடாவில் கொஞ்சம் தாராளம்: 13 மணித்தியாலம் ஓட்டலாம், 14 மணித்தியாலம் வேலை, எல்லாம் 16 மணித்தியாலத்துக்குள். அமெரிக்காவில் 1938-இலேயே இப்படியொரு சட்டம் தொடங்கிவிட்டது. தொடங்கி எண்பது வருசம்வரை ஓட்டுநரின் கையெழுத்தை நம்பித்தான் அது ஓடியது.

பேப்பர் லொக் என்றால் நாளுக்கு ஒரு தாள். நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும் 24 கட்டங்கள், ஒவ்வொன்றும் கால் மணித்தியாலமாகப் பிரிந்திருக்கும். குறுக்கே நான்கு வரி: ஒஃப் டியூட்டி, ஸ்லீப்பர் (வண்டிக்குள் இருக்கிற படுக்கை), ட்ரைவிங், ஒன் டியூட்டி (ஓட்டம் தவிர்ந்த மற்ற வேலை). எந்த நேரம் எந்த நிலையில் இருந்தாயோ அந்த வரியில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுக்கவேண்டும். நிலை மாறும்போது கோடு மேலே ஏறும், கீழே இறங்கும். எந்த ஊரில் மாறினாய் என்று பக்கத்தில் எழுதவேண்டும். அடியில் கார்பன். எனக்குப் பழக்கிவிட்ட அண்ணை முதல் நாளே சொன்னார்: "பேனையால கீறாத. முதல் பென்சில். வீட்டுக்குக் கிட்ட வந்தாப் பிறகு பேனை." அமெரிக்க ஓட்டுநர்கள் இந்தப் புத்தகத்தைக் கேலியாகக் காமிக் புக் என்று சொல்லுவார்கள். நாங்கள் எங்களுக்குள் கள்ளக் கணக்கு என்று சொல்லிக்கொண்டோம்.

எல்லோரும் கள்ளக் கணக்கு எழுதினார்கள் என்று சொல்லவில்லை. நான் எழுதினேன். எப்படி என்றால், லோட் ஏற்றுவதற்கு ஐந்து மணித்தியாலம் வாசலில் நின்றிருப்பேன். உண்மையில் அது ஒன் டியூட்டி. லொக்கில் ஸ்லீப்பர் என்று போடுவேன். ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டதை பதினொன்று என்று போடுவேன். கால் மணித்தியாலக் கட்டங்களில் சிலதை இப்படி நகர்த்தினால் ஒரு முழு ஓட்டமே உள்ளே நுழைந்துவிடும்.

அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. டீசல் அடித்த ரசீதில் நேரம் இருக்கும். எல்லை கடந்த நேரம் பதிவில் இருக்கும். நெடுஞ்சாலைக்கு ரோல் கட்டணம் கட்டினால் அங்கேயும் நேரம். இந்த மூன்றோடும் பொருந்துகிற மாதிரி கோடு இழுக்கவேண்டும். ஒன்ராறியோவில் 2009-இலிருந்து ட்ரக்குகளுக்கு வேகக் கட்டுப்பாடு 105 கிலோமீற்றர், அதாவது மணிக்கு 65 மைல். அதனால் ஒரு மணித்தியாலத்தில் 70 மைல் ஓடினேன் என்று லொக் சொன்னால், ட்ரக்குகளை நிறுத்துப் பார்க்கிற தராசடியில் நிற்கிற அதிகாரி கல்குலேற்றரை எடுப்பார். கோழி களவெடுத்தவன் தலையில் இறகு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் மோசம், ஆனால் லொக் புக் எனக்கு வேகம், தூரம், நேரம் எல்லாவற்றையும் வடிவாகப் படிப்பித்துவிட்டது. கனடாவில் பொய் லொக் பிடிபட்டால் 72 மணித்தியாலம் வண்டியை ஓட்டமுடியாது. அந்தப் பயத்தில்தான் இவ்வளவு கவனமாகப் பொய் எழுதினோம்.

2011 மார்ச்சில் ஒரு நாள். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கி நியூ ஜேர்சியில் ஒரு வெயர்ஹவுஸுக்குப் போனேன். லோட் இறக்க ஆறு மணித்தியாலம் காக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு இன்னோர் இடத்தில் லோட் ஏற்றி முடிய இரவு எட்டு மணி. என்னுடைய 14 மணித்தியாலம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கம்பனியில் ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்பாச்சருக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவும் இல்லை. "தம்பி, காலமை ஏழு மணிக்கு பிரம்ரன்ல இறக்கோணும். நீ லொக்கைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு" என்றார். அவ்வளவுதான். அந்த வருசம் எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பேஸ்மென்ட் வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு. மைலுக்கு இத்தனை சதம் என்று சம்பளம். ஓடாத மைலுக்குக் காசு இல்லை. "ஓம் அண்ணை" என்றேன்.

81-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, பிங்கம்ரன் தாண்டி, சிரகியூஸுக்குக் கிட்ட வரும்போது விடியப்புறம் ஒன்றரை மணி இருக்கும். வலது பக்கச் சில்லு றோட்டு ஓரத்து வரிப்பள்ளத்தில் ஏறிக் கடகடவென்று அடித்த சத்தத்தில்தான் கண் திறந்தேன். எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று தெரியாது. பின்னால் நாற்பதாயிரம் இறாத்தல் சாமான். வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் பனியில் நின்றேன். கை நடுங்கியது. பிறகு ஏறித் திரும்ப ஓடினேன். அந்த நேரம் லொக்கில் நான் எங்கே தெரியுமா? ஸ்க்ரான்ரனில் ஸ்லீப்பரில் நித்திரை.

பேப்பர் காலத்தைப் பற்றிப் பழைய ஆட்கள் கதைக்கும்போது "சுதந்திரம்" என்ற சொல்லை அடிக்கடி பாவிப்பார்கள். சொந்த ட்ரக் வைத்திருந்தவர்களுக்கு அது உண்மையாக இருந்திருக்கலாம். களைத்தால் படுக்கலாம், பிறகு எழும்பி ஓடலாம், கணக்கைப் பிறகு சரிசெய்யலாம். ஆனால் என்னைப்போல் கம்பனிக்கு ஓடினவனுக்கு பென்சில் என் கையில் இருந்ததே ஒழிய, அதை நகர்த்தினது டிஸ்பாச்சர்.

மெஷின் வந்த கதையையும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கொங்கிரஸ் 2012-இல் ஒரு பெரிய போக்குவரத்துச் சட்டம் போட்டது, மாப்-21 என்று பெயர். அதில்தான் எல்லா லொக்கும் எலெக்ட்ரோனிக் ஆகவேண்டும் என்று வந்தது. விதி 2015 டிசம்பரில் வெளியானது. சிறு முதலாளிகளின் சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது. 2017 டிசம்பர் 18-இலிருந்து கட்டாயம். அதற்கு முன்பே வேறு பழைய கருவி பூட்டியிருந்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் வரை தவணை. கனடாக் கம்பனி என்றாலும் அமெரிக்காவுக்குள் போனால் மெஷின் வேண்டும். ஆகவே எங்களுக்கு அந்த டிசம்பரிலேயே பூட்டிவிட்டார்கள்.

கனடாவில் அது வரப் பிந்தியது. 2018 ஏப்ரல் 6-இல் சஸ்கச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கி அணிப் பிள்ளைகள் போன பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் செத்துப்போனார்கள். அந்த ஓட்டுநரின் லொக்கிலும் பிழைகள் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. அந்தக் கிழமை ட்ரக் ஸ்டொப்புகளில் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு டீவியைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒவ்வொருவனும் தன்னுடைய ஒரு இரவை நினைத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். 2019 ஜூனில் கனடாவின் விதி வந்தது. 2021 ஜூன் 12-இல் அமுல், 2023 ஜனவரியிலிருந்து முழுமையாகத் தண்டனையோடு. ஒரு விசயத்தில் கனடா புத்தியாக நடந்தது. அமெரிக்காவில் மெஷின் விற்கிறவனே "என் மெஷின் சட்டப்படி சரி" என்று சொல்லிப் பதிந்துகொள்ள விட்டார்கள். பிறகு திடீரென்று ஒரு மெஷினைப் பட்டியலில் இருந்து தூக்கிவிடுவார்கள், ஓடுகிறவன் 60 நாளுக்குள் வேறொன்று பூட்ட அலையவேண்டும். கனடாவில் மூன்றாம் ஆள் சோதித்துச் சான்று கொடுத்தால்தான் விற்கலாம்.

சாமான் என்னவோ சின்னதுதான். என்ஜினோடு பூட்டின ஒரு பெட்டி, முன்னால் ஒரு டப்லெட். வண்டி மணிக்கு 5 மைலைத் தாண்டினால் தானாக ட்ரைவிங் என்று விழும். நின்று ஐந்து நிமிசத்தில் "இன்னும் ஓடுகிறாயா?" என்று கேட்கும், பதில் சொல்லாவிட்டால் ஒன் டியூட்டிக்கு மாற்றிவிடும். தானாகப் பதிந்த ஓட்ட நேரத்தை நீயும் குறைக்கமுடியாது, கம்பனியும் குறைக்கமுடியாது. மற்றதைத் திருத்தலாம், காரணம் எழுதவேண்டும். கம்பனி திருத்தினாலும் ஓட்டுநர் ஒத்துக்கொண்டால்தான் செல்லும்.

முதல் மாதம் எனக்கு விசர் பிடிக்காத குறை. கம்பனி யார்ட்டுக்குள் வண்டியை ஒரு வரிசையில் இருந்து மற்ற வரிசைக்கு நகர்த்தினாலும் ட்ரைவிங் விழுந்து என்னுடைய 11 மணித்தியாலத்தில் குறையும். யார்ட் மூவ் என்று ஒரு பட்டன் இருப்பதை மூன்றாம் கிழமைதான் கண்டுபிடித்தேன். வேலை விட்டு இறங்கும்போது லொக் அவுட் பண்ண மறந்தால், மெக்கானிக் வண்டியைச் சுற்றிப்பார்க்க எடுத்த ஓட்டமும் என் கணக்கில். இதெல்லாம் பழகினால் போகிற கரைச்சல்.

பழகாத கரைச்சல் வேறு. யாழ்ப்பாணத்தில் மினி பஸ் ஏறினவர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். ஸ்ராண்டில் இருந்து வெளிக்கிட்ட பஸ், சனம் பிடிக்க ஒவ்வொரு சந்தியிலும் ஊர்ந்து ஊர்ந்து போகும். நேரம் போய்விட்டது என்று கொண்டக்டர் சொன்னதும், அடுத்த டைம் கீப்பரிடம் தாள் காட்டவேண்டுமே என்று அரைவாசித் தூரத்தைப் பறந்து முடிக்கும். நாங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கும்பிடுவோம். 2018-இல் ஒரு நாள் சிக்காகோ நெரிசலில் இரண்டரை மணித்தியாலம் போய், வெளியே வந்ததும் நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்தால் அது அசல் பருத்தித்துறை மினி பஸ். கண் றோட்டில் பாதி, டப்லெட்டில் ஓடுகிற 14-இல் பாதி. பேப்பர் காலத்தில் நெரிசல் என்றால் ஒதுக்கி நிறுத்தி ஒரு மணித்தியாலம் படுத்துவிட்டுப் போவேன். இப்போது படுத்தால் அந்த மணித்தியாலம் போனது போனதுதான்.

இது என்னுடைய மனப்பிரமை இல்லை. 2021-இல் மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்து எழுதினார்கள்: மெஷின் வந்தபின் நேர விதி மீறல்கள் நன்றாகக் குறைந்தன, ஆனால் விபத்துகள் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. சிறிய கம்பனிகளில் வேகமாக ஓடுவது போன்ற ஆபத்தான ஓட்டம் கூடியிருந்தது. மெஷினுக்கு எதிராகக் கத்துகிறவர்கள் இதை எல்லா இடத்திலும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் அதில் முதல் பாதியை, மீறல் குறைந்ததை, சொல்லமாட்டார்கள்.

2020 செப்டம்பர் 29-இல் அமெரிக்கா விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. பத்து மணித்தியால ஓய்வை ஏழும் மூன்றுமாகப் பிரிக்கலாம், அப்படிப் பிரித்தால் அந்த மூன்று மணித்தியாலத்துக்கு 14 நிற்கும். எட்டு மணித்தியால ஓட்டத்துக்குப் பிறகு எடுக்கவேண்டிய அரை மணித்தியால இடைவேளையை டீசல் அடிக்கிற நேரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இது பெரிய உதவி. சிக்காகோவுக்குப் போனால் பின்னேர நெரிசலுக்கு முன்பே ஒதுக்கி மூன்று மணித்தியாலம் படுத்துவிடுவேன். பல பேருக்கு இந்த ஏழு-மூன்று கணக்கு இன்னும் பிடிபடவில்லை. மெஷினே அதைக் கணக்குப்பண்ணிக் காட்டும், ஆனால் எந்த நேரத்திலிருந்து எண்ணுகிறது என்று விளங்காமல் அதை நம்பினால் மாட்டுவீர்கள். நான் ஒருமுறை மாட்டினேன். இப்போதும் பக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஓடுகிறேன்.

பார்க்கிங்தான் மிகப் பெரிய தலையிடி. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒஹாயோவிலோ பென்சில்வேனியாவிலோ ட்ரக் ஸ்டொப்புக்குள் போய்ப் பாருங்கள். வரிசை நிறைந்து, வாசலில் நிறைந்து, நெடுஞ்சாலைக்கு ஏறுகிற வளைவு ஓரம்வரை நிற்பார்கள். எல்லோருடைய கடிகாரமும் ஒரே நேரத்தில் முடிகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் இடம் தேடுகிறார்கள். அதனால் நான் ஐந்து மணிக்கே நிறுத்தப் பழகினேன். அப்படி நிறுத்தும்போது ஒன்றரை, இரண்டு மணித்தியால ஓட்டம் கையில் மிச்சமிருக்கும். மைலுக்குச் சம்பளம் என்றால் அது என் காசு.

இதில் ஒன்று வயிற்றெரிச்சல். 2009 மார்ச்சில் தெற்குக் கரோலினாவில் ஒரு ஓட்டுநர் லோட் இறக்க வேளைக்கு வந்துவிட்டதால், நிற்க இடமில்லாமல் கைவிடப்பட்ட ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் நிறுத்தியிருக்கும்போது கொள்ளையடிக்க வந்தவனால் சுடப்பட்டுச் செத்தார். அவருடைய பெயரில் ஜேசன் சட்டம் என்று ட்ரக் பார்க்கிங்குக்காக ஒரு பகுதி கொண்டுவந்தார்கள். அது எந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது தெரியுமா? மெஷினைக் கட்டாயமாக்கின அதே 2012 மாப்-21. மெஷின் சொன்ன திகதிக்கு வந்து வண்டியில் குந்திவிட்டது. பார்க்கிங்கைத்தான் இன்னும் தேடிக்கொண்டு திரிகிறோம்.

எல்லை கடக்கிறவர்களுக்குத் தனிக் கூத்து. பாலத்தில் டப்லெட்டைக் கனடா விதியில் இருந்து அமெரிக்க விதிக்கு மாற்றவேண்டும். கனடாவில் 16 மணித்தியாலச் சாளரத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் பாலம் தாண்டினதும் 14-க்குள் வந்துவிடுவான். சில நேரம் தாண்டின உடனேயே விதி மீறினவன் ஆகிவிடுவான். சொந்த வேலைக்கு வண்டியைப் பாவிப்பதற்கென்று மெஷினில் ஒரு பட்டன் இருக்கிறது, அதிலும் அப்படித்தான். கனடாவில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு நாளுக்கு 75 கிலோமீற்றர்தான். அமெரிக்காவில் லோட்டோடும் போகலாம், தூர எல்லை கிடையாது, ஆனால் வேலையை முன்னேற்றுகிற ஓட்டமாக இருக்கக்கூடாது. அந்தச் சந்துக்குள் எத்தனை ட்ரக் நுழைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொய் போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம், இப்போது அது இந்தப் பட்டனுக்குள் இருக்கிறது. 2022 பெப்ரவரியில் போராட்டக்காரர்கள் வின்சர் அம்பாசடர் எல்லைப் பாலத்தை மறித்தபோது முழு ட்ரக்கும் சார்னியாப் பாலத்துக்குத் திரும்பியது. நானும் 402-ஆம் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஊர்ந்தேன். நடந்து போயிருந்தால் முதலே போயிருப்பேன். மெஷினுக்கு ஊர்ந்தாலும் ஓட்டம், பறந்தாலும் ஓட்டம்.

நல்லதையும் சொல்லவேண்டும், அது சின்ன விசயமில்லை. பேப்பரில் ட்ரெய்லர் இலக்கம் எழுத மறந்தால் பிழை, கையெழுத்து வைக்க மறந்தால் பிழை, மைல் கூட்டினது பிழைத்தால் பிழை. ஒன்றும் களவெடுக்காதவன்கூட எழுத்துப் பிழைக்காகப் பேர் கெட்டுப்போவான். அது இல்லாமல் போய்விட்டது. தராசடியில் முன்பு அதிகாரி புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும்போது நெஞ்சு அடிக்கும். இப்போது அவர் ஒரு குறியீடு தருவார், தட்டி அனுப்பிவிடுவேன், ஐந்து நிமிசத்தில் விட்டுவிடுவார்.

அதைவிட முக்கியம் காத்திருப்புக் காசு. வாசலுக்கு எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்கு வெளியே போனேன் என்பது இடத்தோடு பதிந்திருக்கிறது. முன்பு நான் ஐந்து மணித்தியாலம் நின்றேன் என்றால் வெயர்ஹவுஸ்காரன் இரண்டு என்பான். என் லொக்கே நான் அந்த நேரம் ஸ்லீப்பரில் நித்திரை என்று சொல்லும்போது நான் எந்த வாயால் காசு கேட்பது? இப்போது கம்பனி அந்தப் பதிவை அனுப்பிக் கேட்கிறது, எனக்கும் ஒரு பங்கு வருகிறது. எல்லா முறையும் இல்லை, ஆனால் வருகிறது.

எங்கள் யார்ட்டில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் இருக்கிறார். அவருக்கு மெஷின் என்றாலே ஆகாது. 2000-க்கு முந்திய என்ஜின் என்றால் மெஷின் தேவையில்லை என்ற விலக்கைப் பிடித்து, தேடித் திரிந்து 1999 என்ஜின் ட்ரக் ஒன்று வாங்கினார். மாதத்துக்கு ஒருமுறை அது கராஜில் நிற்கும். "காசு போகட்டும், என்னை யாரும் எண்ணக்கூடாது" என்பார். அவர் 30 வருசம் விபத்தில்லாமல் ஓடினவர், அவரோடு நான் வாதாடுவதில்லை. இன்னொரு பக்கம், ரீமாக ஓடுகிற ஒரு தமிழ்ச் சோடி. கணவன் ஓட மனைவி நித்திரை, பிறகு மாறி. அந்த அக்கா சொன்னது வேறு கோணம்: "முந்தி ரெண்டு பேற்ற புத்தகத்தையும் இவர்தான் எழுதினவர். நான் எத்தினை மணித்தியாலம் ஓடினன் எண்டு எனக்கே தெரியாது. இப்ப என்ர பேரில என்ர கணக்கு." இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. 2017-க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்த பெடியளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவர்களுக்குப் பேப்பர் லொக் என்பது நாங்கள் சொல்லுகிற பழங்கதை.

என்னுடைய தீர்ப்பு என்ன என்றால், என்னைப்போல் சம்பளத்துக்கு ஓடுகிற, "இல்லை" என்று சொல்ல வாய் வராத ஆளுக்கு மெஷின் நல்லது. 2011-இல் நான் சொல்ல முடியாத "இல்லை"-யை அது சொல்கிறது. நேரம் முடிந்தால் முடிந்ததுதான், டிஸ்பாச்சர் என்னோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று அவருக்கும் தெரியும். முதல் இரண்டு வருசம் இதை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் அடுத்த பக்கம் தெரிந்தது. முன்பு களைத்தால் "அண்ணை, அவர்ஸ் முடிஞ்சுது" என்று ஒரு சின்னப் பொய் சொல்லி நிறுத்தலாம். இப்போது டிஸ்பாச்சரின் திரையில் என் கணக்கு என்னைவிட வடிவாகத் தெரிகிறது. ஒரு நாள் வேர்ஜீனியாவில் காய்ச்சலோடு ஒதுக்கி நிறுத்தினேன். பத்து நிமிசத்தில் கோல். "ஏன் நிக்கிறியள்? இன்னும் ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம் இருக்கே?" அமெரிக்காவில் இந்தத் தொந்தரவைக் காரணம் காட்டித்தான் 2011-இல் ஒரு நீதிமன்றம் முந்தின மெஷின் விதியை ரத்துச் செய்தது. அதனால்தான் ஸ்லீப்பரில் இருக்கும்போது டப்லெட்டின் சத்தத்தை நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் விதியில் வந்தது. களைத்தவனை, சுகமில்லாதவனை ஓடச் சொல்லக்கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் போனில் கேட்கிற ஆளுக்கு நான் சட்டம் சொல்லவில்லை. காய்ச்சல் என்றேன். "சரி சரி, மருந்து போட்டிட்டு ஒரு மணித்தியாலத்தில வெளிக்கிடுங்கோ" என்றார். மெஷினுக்கு மணித்தியாலம் தெரியும், காய்ச்சல் தெரியாது.

கடைசியாக ஒரு சம்பவம். போன வருசம் ஜோர்ஜியாவில் இருந்து வடக்கே வரும்போது, நொக்ஸ்வில்லுக்குக் கிட்ட டப்லெட் செத்துவிட்டது. அணைத்துப் போட்டேன், வயரைக் கழற்றிப் பூட்டினேன், அசையவில்லை. இப்படி நடந்தால் பேப்பருக்குப் போகவேண்டும் என்பது விதி. அதற்காகவே வெறும் லொக் தாள் எப்போதும் வண்டியில் இருக்கவேண்டும். அமெரிக்காவில் எட்டு நாளுக்கு, கனடாவில் 15 நாளுக்கு. கதவுப் பையில் இருந்து எடுத்தேன். அடிமட்டம் இல்லை. ஒரு பிளாஸ்ரிக் கார்டை வைத்துக் கோடு இழுத்தேன்.

அன்று இரவு ஒஹாயோவில் 75-ஆம் நெடுஞ்சாலையில் என்னுடைய 11 மணித்தியாலம் முடிகிற நேரம் நான் நுழைந்த ட்ரக் ஸ்டொப் நிறைந்துபோய் இருந்தது. வெளியே வந்து அடுத்ததில் போய் ஒரு மூலையில் இடம் பிடிக்கும்போது 11 மணித்தியாலம் 15 நிமிசம். தாளை எடுத்துச் ஸ்ரியரிங்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு கட்டம்தான். கை தானாக அந்தக் கட்டத்துக்கு முன்னாலேயே நிற்கப் பார்த்தது. பழைய பழக்கம். பிறகு உள்ளபடி 11.15-க்கே கோட்டை இழுத்து, பார்க்கிங் கிடைக்கவில்லை என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் படுத்தேன்.

அடுத்த நாள் ஒஃபிசுக்குத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். மத்தியானம் அங்கிருந்து கோல் வந்தது. கதைத்தது புதிதாக வேலைக்கு வந்த பெடியன், எங்கள் ஆள்தான். கொஞ்சம் சங்கடத்தோடு கேட்டான்: "அண்ணை, உது பேப்பர்தானே... ஏன் பதினொண்டு எண்டே போடேல்லை?"